வர்ணிகாவோட வரி

ஏனுங்ணா, ஒரு நிமிசம். அந்தம்மாவை மறுபடியும் சத்தம் போட்டுடாதீங்க. இப்ப டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி ஜெராக்ஸ் கடை ஓரமா நிக்கறாளே, பச்சைச் சேலை, அவ என் சம்சாரமுங்க. சுகந்தின்னு பேரு. நேத்து நீங்க, "உன் குழந்தை இங்க படிக்கலைன்னா தினமும் வந்து நிக்கறதுக்கு என்ன வேலை, பிள்ளை பிடிக்கறவளா நீ"ன்னு கேட்டீங்களாமே. நான் வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள நீங்க கேட்டு முடிச்சுட்டீங்க. வீட்டுக்கு வந்தும் அவ அதைச் சொல்லலை. பக்கத்துல நின்ன வேன் டிரைவர்தான் எனக்குச் சொன்னாரு.

உங்களைக் குத்தம் சொல்லலைங்ணா. நீங்க வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகுது, உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டுல நிக்கறவர் கேக்கத்தான் வேணும். பழைய வாட்ச்மேனுக்கு விசயம் தெரியும், அவரு கண்டுக்க மாட்டாரு. எங்க பொண்ணு இங்கதான் படிச்சா. வர்ணிகா. நாலாவது பி. போன கார்த்திகையில மூணே நாள் காய்ச்சல். வெள்ளிக்கிழமை தலை வலிக்குதுன்னா, திங்கக்கிழமை இல்லை. அவ்வளவுதான். அதைப்பத்திப் பேச வேண்டாங்ணா, என்னால முடியாது.

நான் சொல்ல வந்தது வேற. இவ இங்க வந்து நிக்கறதுக்குக் காரணம் இவ இல்லை, நான். அதை யாருகிட்டயாச்சும் சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். பெல் அடிக்க இன்னும் இருபது நிமிசம் இருக்குல்ல? உட்காருங்க, நான் நின்னுக்கறேன்.

என் பேரு அர்த்தநாரி. இந்த ஊர்லயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில பதினாலு வருசம் இருந்தேன். பள்ளிக்கூடங்களுக்கு வருகைப் பதிவு, மார்க்கு, பஸ்ஸு எல்லாம் கம்ப்யூட்டர்ல வைக்கற கம்பெனி. அறுபத்திநாலு பள்ளிக்கூடம் எங்ககிட்ட. இந்தப் பள்ளிக்கூடமும்தான். காலையில தாய் தகப்பன் போனுக்கு "உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை"ன்னு மெசேஜ் வருமே, அது எங்களுது. அத்தனை விவரமும் சேர்த்து வச்சிருக்கற இடம் இருக்கே, டேட்டாபேஸு, அதைப் பார்த்துக்கறது என் வேலை. பெருமைக்குச் சொல்லலை, பதினாலு வருசத்துல ஒரு நாள் என் பக்கத்துல தப்பு வந்ததில்லை.

அதுல ஒரு சங்கதி இருக்குங்ணா. குழந்தை ஒண்ணு பள்ளிக்கூடம் மாறிப் போகுதுன்னு வைங்க, அந்தப் பேரை அழிக்கறோம். அழிச்சதும் அது போயிடும்னு எல்லாரும் நினைக்கறாங்க. போகாது. அந்த வரி அப்படியே அங்கேயேதான் இருக்கும். "இது செத்துப்போச்சு"ன்னு ஒரு அடையாளம் மட்டும் விழும். அதுக்கப்புறம் வந்து பார்க்கறவங்க கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான். அப்புறமா சாவகாசமா துப்புரவு வேலை ஒண்ணு ஓடும். அது வரிசையாப் போய் செத்த வரியெல்லாம் பொறுக்கி இடத்தைக் காலி பண்ணி வைக்கும். அடுத்து வர்ற புதுப் பேரு அந்த இடத்துல உட்காரும்.

ஆனா அதுக்கு ஒரு மரியாதை உண்டு. கல்யாணப் பந்தியில கடைசி ஆள் எந்திரிக்கற வரைக்கும் இலை எடுக்க மாட்டாங்கல்ல? அந்த மாதிரி. அழிக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் பார்க்க ஆரம்பிச்சு, "பார்த்து முடிச்சுட்டேன்"னு இன்னும் சொல்லலைன்னு வைங்க, அவன் கண்ணுக்கு மட்டும் அந்த வரி இருக்கும். ஊருக்கே இல்லாதது அவனுக்கு இருக்கும். அவன் எந்திரிக்கற வரைக்கும் துப்புரவு அதைத் தொடாது.

புரியுதுங்களா? இது புரிஞ்சாத்தான் நான் பண்ணினது புரியும்.

வர்ணிகா போனதுக்கப்புறம் தினமும் காலையில ஒன்பதே முக்காலுக்கு சுகந்தி போனுக்கு மெசேஜ் வந்துச்சு. உங்கள் குழந்தை வர்ணிகா இன்று பள்ளிக்கு வரவில்லை. கிளாஸ் டீச்சர் நல்ல பொண்ணு, அந்தப் பேரை அழிக்க அதுக்கு மனசு வரலை. பேருக்கு நேரா ஒண்ணுமே போடாம விட்டுட்டுது. ஒண்ணும் போடலைன்னா வரலைன்னு எடுத்துக்கற மாதிரி எழுதினது நாங்கதான். எங்க கம்பெனி மெசேஜு, எங்க வீட்டுப் போனுக்கு! சுகந்தி அழலைங்ணா. அவ அழுது நான் பார்க்கவே இல்லை. கல்லு மாதிரி இருந்தா. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் போனை என் முன்னால வச்சா. "ஏனுங்க, இதை நிறுத்திடுங்க. பேரை எடுத்துடுங்க"ன்னா.

எடுத்துடுங்கங்கறா! பெத்தவ. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். நேரா ஆபீசுக்குப் போனேன். முதல்ல ஒரு விண்டோவைத் திறந்து அந்த வரியைப் பார்க்க ஆரம்பிச்சேன், பார்த்து முடிச்சுட்டேன்னு சொல்லலை. வர்ணிகா, நாலாவது பி, வரிசை எண் முப்பத்தொண்ணு, ரத்த வகை ஓ பாசிட்டிவ், பஸ் ஏறும் இடம் வேலூர் ரோடு பிரிவு, அவசரத்துக்குக் கூப்பிட அம்மா நம்பர். அப்புறம் இன்னொரு விண்டோவுல இருந்து அழிச்சேன். என் கையாலயே. பள்ளிக்கூடத்துல பேரு மறைஞ்சுது, மெசேஜ் நின்னுபோச்சு. முதல் விண்டோவுல திரும்பப் பார்த்தேன். இருந்தா! எங்க அம்மிணி அப்படியே இருந்தா, நாலாவது பி, முப்பத்தொண்ணு.

அந்த விண்டோவை நான் மூடலைங்ணா. அறுபத்தோரு நாள் மூடலை.

அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கக்கூடாதுன்னு சீட்டு எழுதி ஒட்டினேன். கரண்டு போனா தாங்கறதுக்குப் புது பேட்டரி மாத்தினேன். ஞாயித்துக்கிழமையும் ஆபீசுக்குப் போயிடுவேன். போய் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுப் பார்ப்பேன், அந்த வரி வரும். அவ்வளவுதான், வேற என்ன பண்ணப்போறேன்? சாயங்காலம் வீட்டுக்குப் போனா சுகந்தி சோத்தைப் போட்டு வச்சுட்டு எதுத்தாப்புல உட்கார்ந்திருப்பா. "ஞாயித்துக்கிழமையாவது இருங்களேன்"னு ஒரு தடவை கேட்டா. வேலை இருக்குன்னேன். அவளுக்கு எப்படியும் மனசு தேறிடுச்சுன்னு நான் நினைச்சேன். எல்லாத்தையும் எடுத்துடச் சொன்னவதானே அவ?

இங்கதான் எனக்கு வினை வந்துச்சு. அந்தத் துப்புரவு இருக்கே, அது எங்க அம்மிணி வரியை மட்டும் விட்டு வைக்கலை. நான் பார்க்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து செத்த எந்த வரியையும் தொடலை. அறுபத்திநாலு பள்ளிக்கூடமுங்க! தினமும் வருகை மாறுது, மார்க்கு மாறுது, ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் பழைய வரி ஒண்ணு செத்து விழுது. லட்சக்கணக்குல. எதையும் யாரும் பொறுக்கலை. நான் பந்தியில உட்கார்ந்திருக்கேனே! மெசின் நாளுக்கு நாள் திணறுச்சு. அரையாண்டு மார்க்கு பார்க்கறதுக்கு ஜனங்க அரை மணி நேரம் காத்திருந்தாங்க. மாசாமாசம் எடுக்கற முழுக் காப்பி எடுக்கவே இடம் பத்தலை. அதைச் சரிபார்க்கறதும் என் வேலைதான். நான் பார்க்கலை.

எங்க ஆபீசுல மும்தாஜ் மேடம்னு ஒருத்தங்க, என் வயசுதான், கெட்டிக்காரங்க. அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க. தை மாசக் கடைசியில ஒரு நாள் மத்தியானம் வந்து, "அர்த்தநாரி சார், யாரோ ரெண்டு மாசமா ஒரு விண்டோவை மூடாம வச்சிருக்காங்க. அதனாலதான் எதுவும் சுத்தமாகலை. இன்னைக்குள்ள மூடலைன்னா இடம் தீர்ந்து எல்லாம் நின்னுபோயிடும்"னாங்க. "நான் பார்த்துக்கறேன் மேடம்"னேன்.

பார்த்துக்கிட்டேன்! மூடறதுக்குக் கை வரலைங்ணா. ஒரு பட்டனைத் தட்டினாப் போதும். தட்டினா அவ போயிடுவா. அதனால வேற எங்கயாச்சும் இடம் பண்ணலாம்னு தேடினேன். ஒரு ஃபோல்டர் பெருசா இருந்துச்சு. வேண்டாத பழைய குறிப்புன்னு நினைக்கற மாதிரி பேரு. தூக்கிப் போட்டேன். பதினாலு வருசம் வேலை பார்த்தவன், புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் "எதை வேணா அழி, அதை மட்டும் தொடாதே"ன்னு நானே படிச்சுப் படிச்சுச் சொன்ன ஃபோல்டருங்க அது! அது இல்லாம மெசின் எந்திரிக்காது. நாலு நிமிசத்துல விழுந்துபோச்சு. என் விண்டோவும் அதோட போச்சு. எதைக் காப்பாத்தணும்னு பண்ணினேனோ, அதை நானே அத்துவிட்டேன்.

அப்புறம் என்ன, ராத்திரி பூரா உட்கார்ந்தோம். முழுசா இருந்த கடைசிக் காப்பி கார்த்திகையில எடுத்தது. அதை வச்சு எல்லாத்தையும் திரும்ப நிறுத்தினோம். மறுநாள் காலையில எட்டரைக்கு மெசின் எந்திரிச்சுது. எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. நான் போகலை. முதல் வேலையா என்ன பண்ணியிருப்பேன்னு நீங்களே சொல்லுங்க.

இருந்தாங்ணா.

கார்த்திகைக் காப்பியில அவ உயிரோட இருக்கா. ஒரு விண்டோவுல மட்டும் இல்லை, ஊருக்கே தெரியற மாதிரி. நாலாவது பி, முப்பத்தொண்ணு. நான் தேம்பித் தேம்பி அழுதேன். பேரை மறுபடியும் எடுக்கணும், மெசேஜ் போயிடும்னு தெரியும். தெரியாம இல்லை. ஒன்பதே முக்காலுக்குள்ள எடுத்துடலாம், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். பார்த்துக்கிட்டே இருந்தேன். மணி தாண்டிடுச்சு.

தாண்டினா என்ன, "வரவில்லை"ன்னுதானே போகும், அவ பார்த்துப் பழகினதுதானேன்னு நினைச்சேன். அதுவும் இல்லை. பொங்கலுக்கப்புறம் எங்க மேனேஜர் தங்கமுத்து முறையை மாத்தியிருந்தாரு. டீச்சருங்களுக்கு வேலை கம்மியாகணும்னு, வராத குழந்தையை மட்டும் குறிச்சாப் போதும், மத்த எல்லாரும் வந்ததாக் கணக்கு. எங்க அம்மிணியை யாரு குறிப்பாங்க? சுகந்தி போனுக்கு மெசேஜ் போயிருக்கு.

"உங்கள் குழந்தை வர்ணிகா இன்று பள்ளிக்கு நலமாக வந்து சேர்ந்தார்."

பள்ளிக்கூட ஆபீசுல இருந்து எனக்குப் போன் வர்றப்ப மணி நாலரை. ஓடி வந்தேன். இந்தா, நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இந்த இடத்துல நின்னுக்கிட்டிருந்தா. காலையில இருந்து நிக்கறாளாம். தண்ணி கூடக் குடிக்கலை. கடைசி வேனும் போயிடுச்சு. "எல்லாரும் வந்துட்டாங்க, அவளைக் காணோம்"னா என்கிட்ட. வண்டியில பின்னால உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேங்ணா.

அதுக்குள்ள ஆபீசுல மும்தாஜ் மேடம் பேரை எடுத்து, துப்புரவையும் ஓட விட்டுட்டாங்க. அந்த இடத்துல இந்நேரம் வேற ஏதோ குழந்தையோட வரி உட்கார்ந்திருக்கும். தங்கமுத்து என்னைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு வரிக்காகவாய்யா இத்தனையும்?"னாரு. ஒரு வரியாம்! நான் சட்டையைப் பிடிச்சிருப்பேன், மேடம்தான் நடுவுல வந்தாங்க. வேலை போச்சு. போகட்டும், அதைப்பத்தி எனக்குக் கவலை இல்லை.

இப்பத்தான் நான் சொல்லக் கூசற இடம் வருது. மறுநாள் காலையில பத்து மணிக்கு சுகந்தி போனை எடுத்துப் பார்த்தா. "இன்னைக்கு ஒண்ணும் வரலீங்களா?"ன்னா. மூஞ்சி அப்படியே வெளுத்துக் கிடந்துச்சு. எனக்குத் தாங்கலை. புதுசா ஒரு சிம்மு வாங்கினேன். மெசேஜை ஒரு எழுத்து மாறாம அடிச்சேன். அதுக்கடுத்த நாள் காலையில ஒன்பதே முக்காலுக்கு மொட்டை மாடியில நின்னு நானே அனுப்பினேன். உங்கள் குழந்தை வர்ணிகா இன்று பள்ளிக்கு நலமாக வந்து சேர்ந்தார்.

அன்னைக்கு மத்தியானம் அவ தலை சீவிட்டு பஸ் ஏறி இங்க வந்தா. நான் பின்னாலயே வண்டியில வந்து, எல்லாக் குழந்தையும் போனதும் கூட்டிட்டுப் போனேன். அப்படியே பழக்கமாப்போச்சு. தினமும் நான் அனுப்பறது, தினமும் அவ வர்றது, நான் வந்து கூட்டிட்டுப் போறது. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அவளுக்கு ஒரு ஆறுதல் இருக்கட்டுமேன்னுதான். பெத்தவளாச்சே, அவளால விட முடியலை. நான் ஆம்பளை, எப்படியோ தாங்கிக்குவேன்.

ஆனா நேத்து நீங்க அந்த வார்த்தை கேட்டீங்கன்னதும் எனக்கு உறைச்சுது. பிள்ளை பிடிக்கறவளான்னு கேக்கற அளவுக்கு அவளைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கேனே, படுபாவி. முடிவு பண்ணினேன். இன்னைக்குக் காலையில மெசேஜ் அனுப்பலை. அந்த சிம்மையும் உடைச்சுப் போட்டுட்டேன். அவ போனை எடுத்துப் பார்த்தா, வச்சா, ஒண்ணும் கேக்கலை. அரிசி களைய உள்ளே போயிட்டா. அப்பாடான்னு இருந்துச்சு. ஆனாலும் நம்பிக்கை இல்லாம, எதுக்கும் பார்த்துட்டு வரலாம்னு மூணு மணிக்கு வண்டியை எடுத்துட்டு முன்னாடியே வந்தேன். பார்த்தா இறங்கறா! மெசேஜே இல்லாம வந்து நிக்கறா பாருங்க! புத்தி பேதலிச்சுப் போச்சுங்ணா அவளுக்கு. நான்தான் பேதலிக்க வச்சுட்டேன். யாருகிட்டக் காட்டுவேன், என்னன்னு சொல்லுவேன்?

ஐயோ, இங்க வர்றா. ரோட்டைத் தாண்டி வர்றா. ஒண்ணும் சொல்லிடாதீங்கண்ணா, நான் பேசிக்கறேன்.

என்ன சுகந்தி? ஏன் வந்தே? இன்னைக்குத்தான் மெசேஜ்… இல்லை, நான் என்ன சொல்ல வந்தேன்னா…

"மெசேஜ் வரலை. எனக்குத் தெரியும். இன்னைக்கு நீங்க அனுப்பலை."

நானா? நான் எதுக்கு… உனக்கு எப்படி…?

"முதல் நாளே தெரியும். ஏதோ புது நம்பர்ல இருந்து வந்துச்சு. ரெண்டாவது சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. அன்னைக்கும் அனுப்பினீங்க. அன்னைக்கும் நாம ரெண்டு பேரும் வந்து பூட்டின கேட்டு முன்னால நாலு மணி வரைக்கும் நின்னோம்."

தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் வந்தே? வரலைன்னதும் அன்னைக்கு ஏங்கிப்போய்க் கேட்டியே!

"ஏங்கிப்போயா? மறுபடியும் வந்துடுச்சோன்னு பயந்துபோய்க் கேட்டேன். முதல் தடவை கம்பெனி மெசேஜ் வந்தப்ப நான் ஓடி வந்தது நெசம். பைத்தியம் மாதிரித்தான் நின்னேன். கடைசி வேன் போனதோட எனக்குத் தெளிஞ்சுபோச்சு. நம்ம பொண்ணு இல்லை. அது எனக்கு முடிஞ்சுதுங்க. ராத்திரி குளிக்கற ரூம்ல போய் எத்தனை நாள் அழுதிருப்பேன்னு உங்களுக்குத் தெரியாது. அப்புறம் நீங்க அனுப்ப ஆரம்பிச்சீங்க. நான் வரலைன்னாலும் நீங்க வந்து தனியா நிப்பீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அண்ணா… இவ என்ன சொல்றா கேட்டீங்களா?

"இன்னைக்கு அனுப்பலைன்னதும் சரி, விட்டுட்டாருன்னு நினைச்சேன். உலை வச்சேன். மூணு மணிக்குச் சட்டையை மாத்திட்டு வண்டியை எடுத்தீங்க. டீக்கு வச்ச அடுப்பை அணைச்சுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன். நான் அவளைக் கூப்பிட வரலீங்க. ஒரு மாசமா உங்களைக் கூப்பிடத்தான் வந்துக்கிட்டிருக்கேன். கையைக் குடுங்க. வீட்டுக்கு வாங்க."

நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேங்ணா. தினமும் வண்டியில பின்னால உட்கார வச்சு, பத்திரமா கொண்டுபோய் விடறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

சரி சுகந்தி. வர்றேன். இந்தா, கையைப் பிடிச்சுக்கோ. அண்ணா, கேட்டை இன்னும் ரெண்டு நிமிசம் கழிச்சுத் திறப்பீங்களா? குழந்தைங்க வெளிய வர்றதுக்கு முன்னாடி நாங்க போயிடறோம்.